அணைத்த விளக்கும் அடைக்காத குழாயும்

சிக்கனத்துக்கு நான் விரோதி அல்ல. மீந்த துண்டுத் துணியைத் தூக்கி எறியாமல் கைக்குட்டையாக்கக் கற்றுக் கொடுக்கும் தையல் வகுப்பில் படித்தவள் சிக்கனத்தை எப்படி வெறுக்க முடியும்? ஆனால் சிக்கனம் என்ற பெயரில் எங்கள் ஊரில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மின்கட்டணம் ஏறிவிட்டது என்று தெருவிளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்து வைத்திருக்கிறார்கள். கடைவீதியில் கை வைக்கவில்லை. அங்கே இரவும் பகல் போலத்தான் இருக்கிறது. சந்துகளிலும், குடியிருப்புத் தெருக்களிலும், ரயில்வே கேட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பின்பக்கச் சாலையிலும்தான் இந்தச் சிக்கனம்.

ஒரு விளக்கை அணைத்தால் ஊருக்கு எவ்வளவு மிச்சம்? பேசுவோர் பலர்; கணக்குப் போட்டுப் பார்ப்போர் சிலர். நாம் போட்டுப் பார்ப்போம். அந்தத் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய குழல்விளக்குகள். விளக்கு 40 வாட். அதனோடு இருக்கும் சோக்கு தன் பங்குக்கும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். ஆகவே இரண்டும் சேர்ந்து 55 வாட் என்று கொள்ளலாம். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை எரிந்தால் 55 × 12 = 660 வாட்மணி. 1,000 வாட்மணி சேர்ந்தது ஒரு யூனிட். எனவே ஒரு விளக்கு ஓர் இரவில் செலவழிப்பது 0.66 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு கம்பத்தை இருட்டாக்குவதில் நகராட்சிக்குக் கிடைக்கும் இலாபம் இரவுக்கு 5 ரூபாய் 28 காசு.

இனி மறுபக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. பத்தாம் வகுப்பின் சிறப்பு வகுப்பு முடிவதோ ஆறேகாலுக்கு. என் வகுப்புத் தோழி ஒருத்தி இப்போது ஆட்டோவில் வீடு போகிறாள்; ஒரு நாளைக்கு 50 ரூபாய். இன்னொருத்தி சிறப்பு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளுடைய தாயார் வீட்டு வேலை செய்கிறவர். ஆட்டோவுக்குக் கொடுக்க இயலாது. இருட்டில் மகளைத் தனியே நடக்க விடவும் மனமில்லை. கணக்குப் பாடத்தில் அவள்தான் எங்களில் கெட்டிக்காரி என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். நகராட்சியின் ஏட்டில் 5 ரூபாய் வரவு. எங்கள் வீட்டு ஏட்டில் 50 ரூபாய் செலவு. இரண்டும் ஒரே ஊர்ப் பணந்தானே? ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடும்போது வழியில் 45 ரூபாய் தொலைந்துபோனால் அதற்குப் பெயர் சேமிப்பா? சிறப்பு வகுப்பை இழந்தவளின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

“நகராட்சியிடம் பணமில்லை, என்னதான் செய்வார்கள்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்க முடியாது. வீட்டுவரியை ஒழுங்காகக் கட்டாதவர்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று முதலில் சத்தம் போடுவதையும் நாம் பார்க்கிறோம். ஆனால் விளக்கை அணைப்பதைவிட விளக்கை மாற்றுவதில் மிச்சம் அதிகம் என்பதுதான் என் வாதம். முன்பு சொன்ன 55 வாட் குழல்விளக்கின் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு போதும். ஓர் ஊரில் ஆயிரம் விளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பழைய விளக்குகளாய் எரிந்தால் ஓர் இரவுக்கு 660 யூனிட். பாதியை அணைத்துவிட்டால் 330 யூனிட். ஒன்றைக்கூட அணைக்காமல் எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக மாற்றினால் 240 யூனிட். பாதி ஊரை இருட்டில் தள்ளிச் சேமிப்பதைவிட, ஊர் முழுவதையும் வெளிச்சத்தில் வைத்துச் சேமிப்பது அதிகம்! இந்தக் கணக்கைப் போட்டதும் நானே நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தேன்.

எல்.இ.டி. என்பது இன்று பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் பொருளாகிவிட்டதால் அதன் பெருமை நமக்குத் தெரிவதில்லை. நீலநிற ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி உண்டாக்க வழியில்லாமல் இருந்தது. அந்த நீலம் கிடைத்ததால்தான் தெருவிளக்கு மலிவாயிற்று. 2015 ஜனவரியில் நம் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி. ஆக மாற்றத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. விளக்கு மாற்றும் செலவைப் பொதுத்துறையைச் சேர்ந்த நிறுவனம் முதலில் போட்டுவிடும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஊராட்சியோ நகராட்சியோ தவணையாகத் திருப்பிக் கொடுக்கும். நம் கணக்குப்படி ஒரு விளக்கை மாற்றினால் ஓர் இரவில் 0.42 யூனிட், ஆண்டுக்கு 153 யூனிட், அதாவது 1,200 ரூபாய்க்கும் மேல் மிஞ்சுகிறது. அந்த விளக்கு தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும் பிள்ளை. (ஆனால் மாட்டிய விளக்கு கெட்டுப்போனால் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு எந்த விஞ்ஞானியும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.)

கடன் வாங்கிச் சேமிப்பது என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் கோயமுத்தூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி அதைச் செய்து காட்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அங்கே 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் என்பவர் ஊராட்சித் தலைவராக இருந்தார். குடிநீர்த் திட்டங்களும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக ஊராட்சியின் மின்கட்டணமும் பெருகிக்கொண்டே போயிற்று. அவர்கள் விளக்கை அணைக்கவில்லை. மின்கட்டணச் சீட்டை மேசையில் விரித்து வைத்து, எதற்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்கு மிகுதியாகப் போவதைக் கண்டு, முதலில் 2003இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவி ஒன்றை நிறுவினார்கள். தண்ணீர் இறைக்கும் செலவு குறைந்தது.

அதோடு நிற்கவில்லை. 2006இல் ஒரு காற்றாலையே வாங்கிவிட்டார்கள்! 350 கிலோவாட் திறனுள்ள அந்தக் காற்றாலையின் விலை 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு சுமார் 40 இலட்சம். மீதியை வங்கியில் கடனாக வாங்கினார்கள். ஓர் ஊராட்சி மன்றம் வங்கிக்குப் போய் ஒரு கோடிக்கு மேல் கடன் கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்! மேலாளர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அணிந்து பார்த்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பகுதியில் வலுவாக வீசும். அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேருகிறது. ஓடந்துறைக்காரர்கள் தங்கள் ஊரில் செலவழிக்கும் மின்சாரத்தை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 இலட்சம் யூனிட் கிடைக்கும் என்றும், ஊராட்சியின் தேவை சுமார் 4.5 இலட்சம் யூனிட் என்றும் கணக்கிட்டார்கள். மீதியை மின்வாரியத்துக்கே விற்று, வந்த பணத்தில் கடனை அடைத்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஓடந்துறைக்காரர்கள் அந்த ஆடிக் காற்றையே வங்கிக்குத் தவணை கட்ட வைத்துவிட்டார்கள்.

கத்தோலிக்கப் பள்ளி மாணவியர் என்ற முறையில் நமக்கு மகிழ்ச்சி தரும் இன்னொரு செய்தி. 2008இல் வத்திக்கானில் திருத்தந்தை மக்களைச் சந்திக்கும் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் ஏறத்தாழ 2,400 சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 இலட்சம் யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கப்பட்டது. ஓடந்துறையின் காற்றாலை அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. மின்சாரத்திலும் இரண்டு மடங்கு. வத்திக்கானை ஒரு மேட்டுப்பாளையத்து ஊராட்சி முந்திவிட்டது என்று எழுதுவதில் எனக்கு ஒரு சிறிய பெருமை. அருட்சகோதரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஓடந்துறைக்காரர்கள் முதலில் தொட்டது தண்ணீர் மோட்டாரை. அது ஏன் என்பதை நம் இயற்பியல் பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம் அல்லவா? தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகத்தான் அந்தச் சூத்திரம் என்று நாம் நினைத்திருந்தோம். 1,000 லிட்டர் தண்ணீரின் நிறை 1,000 கிலோகிராம். அதை 120 அடி, அதாவது 36.6 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டுமானால் 1,000 × 9.8 × 36.6, ஏறக்குறைய 3.6 இலட்சம் ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல். ஆகவே ஆயிரம் லிட்டரைத் தொட்டியில் ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் தேவை.

ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஆளுக்கு நூறு லிட்டர். நாளொன்றுக்கு 50 இலட்சம் லிட்டர். ஒரு துளி ஆற்றலும் வீணாகாத அதிசய மோட்டார் இருந்தால் 500 யூனிட்டில் வேலை முடியும். அப்படி ஒரு மோட்டார் உலகத்தில் இல்லை. வாங்கும் மின்சாரத்தில் பாதியைத் தண்ணீரை ஏற்றும் வேலையாக மாற்றும் பம்பு என்றால் 1,000 யூனிட். சக்கரம் தேய்ந்து, பல முறை கம்பி சுற்றிய பழைய மோட்டாரோடு, நூற்றுக்கு முப்பதுதான் வேலை செய்யும் பம்பு என்றால் ஏறக்குறைய 1,667 யூனிட். குழாயில் ஏற்படும் உராய்வை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேய்ந்த பம்பு நாள்தோறும் கூடுதலாகத் தின்பது 667 யூனிட். ஆயிரம் தெருவிளக்குகளும் விடிய விடிய எரிந்தால் ஆவது 660 யூனிட். பம்பறைக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு வீணடிப்பு, ஊரின் விளக்குகள் அனைத்துக்கும் சமம்! அப்படியிருந்தும் நாம் கை வைப்பது எதில்? விளக்கில். ஏன் என்று யோசித்தேன். விளக்கை அணைத்தால் எல்லாருக்கும் தெரிகிறது. நடவடிக்கை எடுத்ததாக ஆகிவிடுகிறது. பம்பை மாற்றினால் பம்பு இயக்குபவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைத் திறந்து வைக்க யாரும் மாலையோடு வரமாட்டார்கள்.

தண்ணீர் ஒழுகுவதும் அப்படித்தான். தெருமுனைக் குழாயில் திருகு போய் ஒழுகிக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பார்த்து “தண்ணீர் வீணாகிறதே” என்று வருந்துகிறோம். அந்தத் தண்ணீர் 120 அடி மேலே ஏறி இறங்கி வந்த தண்ணீர். அதோடு சேர்ந்து மின்சாரமும் சாக்கடையில் போகிறது. ஊரின் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி ஒழுகினால், மேலே சொன்ன தேய்ந்த பம்பின் கணக்குப்படி நாளொன்றுக்கு 333 யூனிட் போகும். பாதி விளக்குகளை அணைத்து மிச்சம் பிடித்தோமே, அந்த 330 யூனிட் இதோ குழாயடியில் கரைந்து ஓடுகிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவைக் கருவி ஒன்றும் பெரிய விலையல்ல. எங்கள் தெருக்கோடியில் உள்ள மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; மழையில்லாத நாளிலும் மழையில் நனையலாம்.

மற்ற வீணடிப்புகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லாரும் பார்ப்பவைதாம். காலை எட்டு மணிக்கும் எரியும் தெருவிளக்கு. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் அணைப்பதும் சரியல்ல; நம் நாட்டில் சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் ஜூலைக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேறுபடுகிறது. வெளிச்சம் குறைந்ததும் தானே எரிந்து, விடிந்ததும் தானே அணையும் கருவிகள் வந்து பல காலம் ஆகிவிட்டது. அலுவலகங்களில் குளிர்சாதனத்தை 18 டிகிரியில் வைத்துவிட்டு மேலே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கலாம். 2020 ஜனவரி முதல், வீட்டு உபயோகக் குளிர்சாதனப் பெட்டிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்ய வேண்டும் என்று அரசு விதி கொண்டு வந்தது. பெட்டி 24இல் தொடங்கினாலும் விரல் 18ஐத் தேடிப் போனால் விதி என்ன செய்யும்? மின்விசிறிக்கும் 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் புதிதாய் விசிறி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் அந்த நட்சத்திரங்களையும் எண்ணிப் பார்க்கலாம். பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் புதுவகை விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகிறது.

பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளியின் பழைய கட்டடத்தைப் பாருங்கள். உயர்ந்த கூரை, தடித்த சுவர், இரு பக்கமும் அகன்ற தாழ்வாரம், சன்னலுக்கு மேலே காற்றுப் போகும் சிறு திறப்பு. பகலில் விளக்கே போடாமல் அங்கே பாடம் நடக்கிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் கட்டியவர்கள் வெயிலையும் காற்றையும் கேட்டுக் கட்டினார்கள். புதுக் கட்டடத்தில் நண்பகலிலும் நான்கு குழல்விளக்கு வேண்டியிருக்கிறது. இனிமேல் ஊரில் எழும் பள்ளியும் மருத்துவமனையும் நூலகமும் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே யோசித்தால், பிறகு ஐம்பது ஆண்டுகளுக்குச் சுவிட்சுப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை தொங்கவிட வேண்டியிராது.

திருவிழாக்களைப் பற்றியும் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. கொடியேற்றத்திலிருந்து தேர் வரை கோயிலுக்கு விளக்கு அலங்காரம் வேண்டும். ஊரே வந்து பார்த்து மகிழ்கிறது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கொடி இறங்கிய பின்பும் சரவிளக்குகள் ஒரு வாரம் எரிவது யாருடைய மகிழ்ச்சிக்கு? எந்த மதத்தாருடைய விழாவானாலும் எந்தக் கட்சிக்காரருடைய விழாவானாலும் என் கேள்வி ஒன்றுதான்.

நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்வது அப்பம் பெருகிய அதிசயம் மட்டுமன்று. எல்லாரும் உண்டபின் மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அளவில்லாமல் கொடுக்க வல்லவரே துண்டுகளைச் சேர்க்கச் சொன்னாரே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் எல்லாரையும் வயிறார உண்ண வைத்தார். பிறகுதான் துண்டுகளைச் சேர்த்தார். பாதிப் பேரைப் பட்டினி போட்டு மிச்சம் பிடிக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் இறைவனின் படைப்பைக் காக்கும் வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். தேவையற்ற விளக்கு என்றுதான் அவர் சொன்னார். பின்பக்கச் சாலையில் ஆறேகால் மணிக்கு எரிய வேண்டிய விளக்கு அந்த வகையில் சேருமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பத்துக் கன்னியருள் விவேகமுள்ள ஐவரும் விளக்கை அணைத்து எண்ணெயை மிச்சப்படுத்தவில்லை. போதிய எண்ணெயைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

ஆகையால் நம் ஊர் என்ன செய்யலாம்? கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு படிக்கப்படுகிறது. நகரத்தில் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. மாதந்தோறும் எந்த நீர்த்தொட்டிக்கு எத்தனை யூனிட், எந்த வார்டுத் தெருவிளக்குக்கு எத்தனை யூனிட், எத்தனை ரூபாய் என்று நகராட்சி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கட்டும். செலவு ஒரு சாக்குக் கட்டிதான். ஒரு தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு, அடுத்த தொட்டிக்கு அதைவிட இரண்டு மடங்கு என்று எழுத்தில் வந்துவிட்டால், எந்தப் பம்பு தேய்ந்தது என்று கண்டுபிடிக்க இஞ்சினியர் வேண்டாம். தண்ணீர் பிடிக்க வரும் அக்காமார்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. எந்தத் தெருவில் எந்தக் கம்பம் இருட்டாயிருந்தால் ஒரு பெண் சுற்றுவழியாகப் போவாள் என்பது அவர்களுக்குத் தெரியும். விளக்கை அணைக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடும்முன் இரவு ஏழு மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை தனியாக நடந்து பார்க்கட்டும். கார் வேண்டாம், உடன் ஆளும் வேண்டாம். மாணவியர் விடுதி, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, ஆலைப் பெண்கள் மாற்றுவேலை முடிந்து வரும் வழி, பொதுக் கழிப்பறைக்குப் போகும் பாதை ஆகிய இடங்களில் உள்ள விளக்குகள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறக் கூடாது.

அணைத்தே ஆக வேண்டிய விளக்கு எது என்று என்னைக் கேட்டால் ஒன்றைக் காட்டுவேன். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள கம்பத்தில் ஒரு சோடியம் விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. கேட்டதற்கு, அதன் சுவிட்சு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.